சாமி கும்பிடாதவர் ஆசிரமத்துக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஓர் ஆசிரமத்தில் சில நாள் இருந்துவிட்டு வருவேன். இது தெரிந்தவர்கள் அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என்னிடம் ஒரே மாதிரியான சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள இடங்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

"அக்கா, நான் சாமி கும்பிடாத ஆள். உள்ளே விடுவாங்களா?"

விடுவார்கள். நான் போன எந்த இடத்திலும் "உனக்கு நம்பிக்கை உண்டா?" என்று வாசலில் யாரும் கேட்டதில்லை. தங்குவதானால் பெயர், ஊர், அடையாள அட்டை, எத்தனை நாள் என்று கேட்பார்கள். சும்மா போய்வருவதற்கு அதுகூட வேண்டாம். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் போதும். யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், பேசக் கூடாத இடத்தில் பேசக் கூடாது, சாப்பாட்டு நேரத்துக்குப் பிந்தி வரக் கூடாது. இதில் சுணங்கினால்தான் முகம் சுளிப்பார்கள்.

"நம்பிக்கையே இல்லைன்னா அங்கே போய் என்னதான் பண்றது?"

அப்பா இறந்த வருஷம்தான் நான் முதலில் போனேன். வீடு முழுக்க ஆட்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் காப்பி போட்டே என் நாள் போனது. நானாக உட்கார்ந்து அழ ஓர் இடம் இல்லை. யாரோ சொல்லி ரமணாசிரமத்துக்குப் போனேன். இரண்டு நாள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மயில் ஒன்று ஓட்டுக் கூரையில் ஏறி நின்று கத்திக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் போன தடவைகளில் வேறு காரணங்கள் இருந்தன. ஃபோன் இல்லாமல் இருந்து பார்ப்பது, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடிகிறதா என்று பார்ப்பது, நான் நினைக்காத விதத்தில் நினைக்கும் மனிதர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடுவது. இவற்றில் எதற்கும் கடவுள் தேவைப்படவில்லை.

"எல்லா ஆசிரமமும் ஒண்ணுதானே? முதல்ல எங்கே போறது?"

ஒன்றே இல்லை. அந்த இடம் உங்களிடம் என்ன கேட்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ரமணாசிரமம் கேட்பது மிகக் குறைவு. பூஜை உண்டு, மாலையில் வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும் உண்டு. ஆனால் எதிலும் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பின்வாசல் வழியாக மலைப்பாதையில் ஏறி ஸ்கந்தாசிரமத்துக்கும் விரூபாட்ச குகைக்கும் போய் உட்காரலாம். ரமணர் 1899 முதல் 1916 வரை அந்தக் குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தவர். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜெண்டோ வேறு மாதிரி. 1996-இல் அமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கிய ஜென் மையம் அது. பேசாமல் உட்காருவதும் தோட்ட வேலையும்தான் அங்கே நாளின் பெரும்பகுதி. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சாந்திவனம் இருக்கிறது. 1950-இல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமம். கோயில் கோபுரம் மாதிரி வாசல், வழிபாட்டில் பைபிளோடு உபநிடதமும் தமிழ்ப் பாட்டும். மதங்கள் ஒன்றையொன்று எப்படித் தொட்டுப் பார்க்கின்றன என்று அறிய ஆசை இருந்தால் அங்கே போங்கள்.

விபாசனா என்ற தியானப் பயிற்சியின் பத்து நாள் முகாம்தான் கேட்பதிலேயே அதிகம் கேட்பது. ஆரோவில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரவிந்தரின் போதனையை ஒட்டி எழுந்த ஓர் ஊர், ஆசிரமமே அல்ல. இரண்டுக்கும் தனித்தனியாகக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

"ஆரோவில் மதமா இல்லையா? ஒரே வரியில சொல்லுங்க."

மதம் இல்லை. இதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நிர்வாகத் தகராறு முற்றியபோது 1980-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டு ஆரோவில்லைத் தன் பொறுப்பில் எடுத்தது. "நாங்கள் ஒரு மதப்பிரிவு, அரசு தலையிட முடியாது" என்று, அதுவரை அதை நடத்திவந்த அரவிந்தர் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1982-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அரவிந்தரின் போதனை ஒரு தத்துவம், மதம் அல்ல என்பது பெரும்பான்மை முடிவு. ஒரு நீதிபதி மட்டும் அந்த விஷயத்தில் மாறுபட்டார். பின்னர் 1988-இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது.

ஆனால் "மதம் இல்லை" என்பதை "ஆன்மிகம் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் தங்கள் ஊர் மண்ணைக் கொண்டுவந்து ஒரு சலவைக்கல் தாழியில் போட, அரவிந்தர் ஆசிரமத்தை வழிநடத்திய ஸ்ரீ அன்னை பிரெஞ்சில் வாசித்த சாசனத்தோடு ஆரோவில் தொடங்கியது. ஆரோவில் மனிதகுலம் முழுவதற்கும் சொந்தம் என்று சொல்லும் அதே சாசனம், அங்கே வாழ வேண்டுமானால் தெய்விகப் பேருணர்வுக்கு விரும்பித் தொண்டு செய்பவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு நாள் பார்க்கப் போகும் உங்களுக்கு அந்த இரண்டாவது பகுதி பொருந்தாது. அங்கேயே குடியேற நினைத்தால், அதை உங்களால் மனதார ஏற்க முடியுமா என்று நன்றாக யோசிக்க வேண்டும்.

"மாத்ரிமந்திர்னு பெயர்லயே மந்திர் இருக்கே. உள்ளே போனா என்ன செய்யணும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம். ஆரோவில்லின் நடுவில் இருக்கும் அந்தத் தியான மண்டபத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். பூ கிடையாது, ஊதுபத்தி கிடையாது, இசை கிடையாது, சிலையும் படமும் கிடையாது. வழிநடத்தும் தியானம்கூட இல்லை. வெள்ளைக் காலுறை கொடுப்பார்கள். போட்டுக்கொண்டு சுழன்று ஏறும் சாய்தளத்தில் நடந்து மேலே போனால், வெண்மையான ஒரு கூடம். பன்னிரண்டு தூண்கள், நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு படிகக் கண்ணாடிக் கோளம். கூரையிலிருந்து சூரிய ஒளி ஒரே கற்றையாக அதன் மேல் விழுகிறது. கண்ணை மூடாமலே உட்காரலாம். நான் முதல் தடவை அந்த ஒளிக்கற்றையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் தும்மியது இடி மாதிரிக் கேட்டது. அவ்வளவு அமைதி.

நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. பார்வையாளர் மையத்தில் சிறு படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இலவசச் சீட்டு வாங்கி, மரங்களுக்கு நடுவே நடந்து போய் வெளியிலிருந்து பார்ப்பது ஒன்று. உள்கூடத்தில் உட்கார முன்பதிவு செய்ய வேண்டும். கேமரா, ஃபோன் அனுமதி கிடையாது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை உள்கூடத்துக்கு விடுவதில்லை.

"ஆரோவில்ல சும்மா சுத்திப் பார்த்துட்டு வந்துடலாமா?"

வரலாம். ஆனால் அங்கே குடும்பம் நடத்துகிறவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய அறுபது நாட்டுக்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலை எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற கிராமங்கள் ஆரோவில்லோடு பின்னிக்கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் பலர் ஆரோவில்வாசிகளாகவே இருக்கிறார்கள். டீக்கடையில் அவர்களோடு பேசினால், மழைநீர் அரித்து வெறும் செம்மண் மேடாக இருந்த இடம் எப்படிக் காடாயிற்று என்று சொல்வார்கள். கரை போட்டு, குளம் வெட்டி, மரம் நட்டு வளர்த்த காடு அது. எனக்கு மாத்ரிமந்திரைவிட அந்தக் காடு பெரிய விஷயம்.

"இலவசம்னு சொல்லிட்டு அப்புறம் காசு கேட்பாங்களா?"

இடத்துக்கு இடம் வேறுபடும். ரமணாசிரமத்தில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் இல்லை. விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். பல வாரங்கள் முன்னதாகவே எழுதிக் கேட்டு இடம் வாங்க வேண்டும், முதல் தடவை வருகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று நாள்தான். விபாசனாவில் கட்டணம் எதுவும் இல்லை. முகாமை முழுசாக முடித்தவரிடமிருந்து மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். போதி ஜெண்டோவிலும் ஆரோவில் விருந்தினர் இல்லங்களிலும் நாள் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டும். அது தங்கும் செலவு, வெளிப்படையாகச் சொல்லியே வாங்குகிறார்கள்.

இலவசமாகத் தங்கினால், வெளியே ஒரு சாதாரண விடுதியில் எவ்வளவு ஆகியிருக்குமோ அதை உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள். நம்பிக்கை இல்லாதவர் சாமிக்குக் காணிக்கை போடுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட சோற்றுக்கு யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார், அடுத்து வருகிறவருக்கு நீங்கள் கொடுக்கிறீர்கள்.

"என்ன டிரஸ் போடறது?"

தோளும் முட்டியும் மறையும் தளர்வான பருத்தித் துணி. விபாசனாவில் இறுக்கமான உடைக்கும் மெல்லிய துணிக்கும் அனுமதி இல்லை. தரையில் உட்கார்ந்து எழ வேண்டியிருக்கும் என்பதால் ஜீன்ஸ் வேண்டாம். சால்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், விடியற்காலைக்கு உதவும்.

"சாப்பாடு எப்படி இருக்கும்? பத்தியச் சாப்பாடா?"

நான் போன ஆசிரமங்களில் எல்லாம் சைவம். ரமணாசிரமத்தில் தரையில் வரிசையாக உட்கார வைத்து இலையில் பரிமாறுவார்கள். சாதம், சாம்பார், ரசம், மோர், ஒரு பொரியல். வாளியோடு வருகிறவர் வேகமாக வருவார். கை காட்டவில்லை என்றால் இரண்டு கரண்டி விழுந்துவிடும், வைத்ததை வீணாக்கக் கூடாது. என் பக்கத்தில் உட்கார்ந்த ஜெர்மன்காரர் ஒருவர் ரசம் இலையைத் தாண்டி ஓடாமல் சாதத்தில் அணை கட்டப் படாத பாடு பட்டார். எதிர்ப் பந்தியில் இருந்த பாட்டி ஒருவர் தன் இலையில் பள்ளம் தோண்டிக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வெளியே காத்திருக்கும் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் உணவு கொடுக்கிறார்கள். முதலில் அவர்களுக்கு, பிறகுதான் நமக்கு. அதை ஒரு தடவை நின்று பாருங்கள்.

"ஃபோனை வாங்கி வச்சுக்குவாங்களா?"

விபாசனாவில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம், பேனா, நோட்டும் கூடாது. மற்ற இடங்களில் கையோடு வைத்துக்கொள்ளலாம், தியான அறையிலும் சமாதி முன்னும் அணைத்து வைக்க வேண்டும். நானாகவே பையின் அடியில் போட்டுவிடுவேன். இல்லையென்றால் போனதற்கே அர்த்தம் இல்லை.

"எல்லாரும் விழுந்து கும்பிடும்போது நான் மட்டும் மரம் மாதிரி நின்னா அசிங்கமா இருக்காதா?"

இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது. பார்க்கப் போனால் அங்கே நிற்பவர்களும் நிறைய. முழங்கால் வலிக்காரர்கள், வேறு மதத்தார், வெளிநாட்டார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கூட்டத்தில் முன்வரிசையில் நிற்காமல் சுவரோரமாக ஒதுங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஒருவருக்கும் உறுத்தாது. நடுவழியில் நின்று, விழுகிறவர்களுக்கு இடமில்லாமல் செய்வதுதான் தவறு.

கை கூப்புவதா வேண்டாமா என்பது உங்கள் மனசுக்கு உட்பட்டது. நான் கூப்புவேன். நம் ஊரில் வீட்டுக்கு வருகிற பெரியவர்களையும் மேடையில் ஏறியதும் கூட்டத்தையும் பார்த்துக் கை கூப்புகிறோம், அதைப் பூஜை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் விழுந்து கும்பிட எனக்கு வராது, அதனால் செய்வதில்லை. ஒருமுறை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில், சமாதி முன்னால் எல்லோரும் பூ மேல் நெற்றியை வைத்து எழுந்துகொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் சற்றுத் திகைத்தேன். பக்கத்தில் இருந்த தொண்டர் அம்மா, "அப்படியே ஓரமா உட்காருங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லி, நிழலில் இடம் காட்டினார். அதற்கப்புறம் இந்தத் தயக்கமே எனக்கு வந்ததில்லை.

"விபூதி, குங்குமம் கொடுத்தா என்ன பண்றது?"

கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூசுவதும் பூசாததும் உங்கள் விருப்பம். வாங்கிய திருநீற்றைத் தூணில் தடவிவிட்டுப் போவதுதான் பார்க்க நன்றாக இல்லாத காரியம். ஒரு தாளில் மடித்து வைத்து, வீட்டில் வேண்டியவர்களிடம் கொடுக்கலாம். என் அம்மாவுக்கு நான் கொண்டுபோகும் விபூதிப் பொட்டலம் என்றால் உயிர்.

சாந்திவனத்தில் இது இன்னும் சுவாரசியம். அந்தக் கிறிஸ்தவ வழிபாட்டில் காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி என்று வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று தலையசைத்தால் போதும், யாரும் மனம் கோணுவதில்லை.

"பஜனையில உட்காரணுமா? நம்பாம பாடினா பொய்தானே?"

எங்கே கட்டாயம், எங்கே விருப்பம் என்று போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யோகா ஆசிரமங்கள் சிலவற்றில் காலை, மாலைக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தே ஆக வேண்டும். அது பிடிக்காது என்றால் அங்கே பதிவு செய்யாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு அறையில் படுத்துக்கொண்டு விதியைக் குறை சொல்வது சரியில்லை.

உட்கார்ந்து கேட்பதில் பொய் எதுவும் இல்லை. பாடுவதைப் பற்றிக் கேட்டால், தேவாரம் நம் மொழியின் சொத்து. அதைப் படிக்க சைவராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம்பாத வரியைப் பாட வாய் வரவில்லை என்றால் பேசாமல் இருங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிப் பாடும்போது, அவரைப் பார்த்துக்கொண்டே இருக்காமல் இருப்பது நல்லது.

"விபாசனாவை மதம் இல்லாததுனு சொல்றாங்க. முதல் தடவையே பத்து நாள் போகலாமா?"

எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் முகாமைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30-க்கு விளக்கு அணையும். நடுவில் ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். ஒன்பது நாள் பேச்சு கிடையாது, சைகையும் கிடையாது. ஆண், பெண் தனித்தனி. முதல் மூன்று நாள் மூச்சு மூக்கில் படுவதை மட்டும் கவனிக்கச் சொல்வார்கள். நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுக்க எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. அன்றிலிருந்து ஒரு நாளில் மூன்று தடவை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார முயல வேண்டும். இரண்டாம் நாள் மாலை என் இடது முட்டி பேசிய பேச்சை நான் மறக்க மாட்டேன். ஆறாம் நாள் அதே வலி வந்து, கூடி, தானாகக் கரைந்து போவதைக் கண்ணால் பார்ப்பது மாதிரிப் பார்த்தேன்.

மதம் சார்ந்தது அல்ல என்று அவர்கள் சொல்வது பயிற்சி முறையைப் பொறுத்தவரை சரி. ஆனால் முதல் நாள் மாலை பாலி மொழியில் புத்தர், தம்மம், சங்கம் மூன்றிலும் அடைக்கலம் புகுவதாகச் சொல்லிப் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்க விதிகளை ஏற்க வேண்டும். புத்தர் என்ற நபரிடம் அல்ல, அந்தக் குணங்களிடம் என்று விளக்குவார்கள். மாலை உரையில் மறுபிறவிப் பேச்சு வரும். காலையில் பாலி ஓதல் ஒலிக்கும். இதெல்லாம் முன்கூட்டித் தெரிந்து போனால் ஏமாந்ததாகத் தோன்றாது. நான் மறுபிறவிப் பகுதியைக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். மூச்சைக் கவனிக்க அது தடையாக இல்லை.

முதல் தடவையே போகலாம், பெரும்பாலோர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். விண்ணப்பத்தில் கேட்கும் உடல், மன நலக் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள். அப்பா இறந்த அந்த வருஷம் நான் இங்கே போயிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

"பாதியில கிளம்பிடலாமா?"

மற்ற இடங்களில் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். விபாசனாவில் முழுதும் இருப்பதாக ஒப்புக்கொண்டுதான் சேர்கிறோம், ஆகவே ஆசிரியரிடம் பேசச் சொல்வார்கள், இருந்து பார்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். பூட்டி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடத் தோன்றும் என்று பலரும் சொல்வார்கள், எனக்கு இரண்டாம் நாள் தோன்றியது. முட்டி வலி என்றால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தூக்கமே இல்லை, பயம் பிடித்துக்கொள்கிறது, மனசு கட்டுக்குள் இல்லை என்றால் பொறுக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

"நீங்க எந்தச் சாமியைக் கும்பிடுவீங்கனு யாராவது கேட்டா?"

கேட்பார்கள். குறி வைத்துக் கேட்பதில்லை, "எந்த ஊரு?" மாதிரி ஒரு பேச்சுத் தொடக்கம். "எனக்கு அதில் நம்பிக்கை இல்லைங்க, இந்த இடத்தோட அமைதி பிடிக்கும்" என்று சொல்வேன். பத்தில் ஒன்பது பேர் "அதுவும் சரிதான்" என்று நகர்ந்துவிடுவார்கள். மீதி ஒருவர் உட்கார்ந்து பேசுவார், அந்தப் பேச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பக்தர் போல நடிக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள், அவருக்கும் மனசு கஷ்டமாகும்.

"அங்கே இருக்கிறவங்ககிட்ட வாதம் பண்ணலாமா?"

கேள்வி கேட்கலாம். 'நான் யார்?' என்ற சிறு நூல், சிவப்பிரகாசம் பிள்ளை 1901-02 வாக்கில் ரமணரிடம் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்ததுதான். ரமணரும் பெரியாரும் ஒரே ஆண்டில், 1879-இல் பிறந்தவர்கள். இருவருமே "பிறர் சொன்னார்கள் என்று ஏற்காதே, நீயே விசாரித்துப் பார்" என்ற பக்கம் நின்றவர்கள் என்று நான் நினைக்கிறேன், போய்ச் சேர்ந்த இடம் வேறு என்றாலும்.

ஆனால் ஒருவர் முப்பது வருஷமாக வாழும் வாழ்க்கையை மூன்று நாள் விருந்தாளியாகப் போய் உடைக்க நினைக்காதீர்கள். நூலகத்தில் கேள்வி நேரம் இருந்தால் அங்கே கேளுங்கள். சமாதி முன்னால் வேண்டாம்.

"நான் அசைவம். வடலூருக்குப் போகலாமா?"

போகலாம். வள்ளலார் 1867-இல் தொடங்கிய தர்மசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வரும் யாருக்கும் சோறு உண்டு. சாதி, மதம், சாப்பாட்டுப் பழக்கம் எதுவும் கேட்பதில்லை. சாதியும் மதமும் பொய் என்று பாடியவரின் இடம், கடவுளை ஏற்காதவருக்கும் அந்தப் பந்தி நெருக்கமாக இருக்கும்.

சத்திய ஞான சபை வேறு. அதன் வாசலில், கொலை புலை தவிர்த்தவர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உயிர்க்கொலையையும் புலால் உணவையும் விட்டவர்கள் என்று பொருள். நின்று யாரும் சோதிக்கப் போவதில்லை. நான் மீன் சாப்பிடுகிறவள், அதனால் வாசலோடு நின்றுவிட்டேன். அவர்களுக்கு அது முக்கியம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது போதும். பக்கத்தில் நின்ற ஒருவர், "உள்ள போகலியாம்மா?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவரும் என்னோடு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மூளைச்சலவை பண்ணிடுவாங்களோனு வீட்ல பயப்படறாங்க. பொண்ணு தனியா போனா பத்திரமா?"

பயம் நியாயமானது. எல்லா இடமும் நல்ல இடம் இல்லை. பெரிய பெயர், பெரிய கட்டடம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் கவனிப்பவை இவை: பணம் எவ்வளவு, எதற்கு என்று நேராகச் சொல்கிறார்களா? வீட்டாரோடு பேசுவதைத் தடுக்கிறார்களா? குருவைக் கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா? தனியறையில் தனியாகச் சந்திக்கச் சொல்கிறார்களா? சொத்து, வேலை, படிப்பை விடச் சொல்லித் தூண்டுகிறார்களா? ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒருமுறை ஓர் இடத்தில், அடுத்த நிலைப் பயிற்சிக்கு இன்றைக்கே பணம் கட்டினால்தான் "தடை" விலகும் என்றார்கள். அன்று மாலையே பஸ் ஏறினேன்.

விபாசனாவிலும் ஃபோனை வாங்கி வைக்கிறார்களே என்று கேட்பீர்கள். வித்தியாசம் உண்டு. முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள், பத்து நாள் என்று எல்லை இருக்கிறது, அவசரத்துக்கு வீட்டார் அழைக்க அலுவலக எண் இருக்கிறது. பெண்கள் தனியாகப் போவதில் நான் சொன்ன இடங்களில் எனக்குச் சங்கடம் வந்ததில்லை. ஆனாலும் எங்கே தங்குகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். கிரிவலம் 14 கிலோமீட்டர், கூட்டமில்லாத நாளில் இருட்டிய பிறகு தனியாகச் சுற்ற மாட்டேன். மலைப்பாதையிலும் வெயில் இருக்கும்போதே இறங்கிவிடுவேன்.

"தியானத்துல உட்கார்ந்தப்போ அழுகை அழுகையா வந்துச்சு. அப்போ நான் மாறிட்டேனா?"

எனக்கும் வந்தது. நெடுநாள் ஓடிக்கொண்டே இருந்தவர்கள் சும்மா உட்கார்ந்தால், அதுவரை தள்ளிப்போட்டதெல்லாம் மேலே வரும். எனக்கு வந்தது அப்பாவுடைய சட்டை வாசனை. பக்கத்தில் இருப்பவர் அதை அருள் என்பார். அவர் சொல்வதை மறுக்க வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். அன்றைக்கே எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஊருக்கு வந்து, வேலைக்குப் போய், ஒரு மாதம் கழித்து யோசித்துப் பாருங்கள். அப்போதும் ஏதாவது நம்பத் தோன்றினால் நம்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"நம்பிக்கை இல்லாத நான் போய் ஒரு பக்தரோட இடத்தை அடைச்சுக்கிறது நியாயமா?"

இதைக் கேட்டவர் ஒருவர்தான், ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி. அறைகள் குறைவு என்பது உண்மை. அதனால் நான் நாள் பார்த்துப் போகிறேன். கார்த்திகை தீபம், மார்கழியில் வரும் ரமண ஜயந்தி, சித்திரை வாக்கில் வரும் ஆராதனை ஆகிய நாட்களில் திருவண்ணாமலையில் அறை கேட்பதில்லை. அரவிந்தர் ஆசிரமத்தில் பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 போன்றவை தரிசன நாட்கள், அப்போது அந்தப் பக்கம் போவதில்லை. அந்த நாட்களுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். போக வேண்டி வந்தால் வெளியே விடுதியில் தங்கிக்கொண்டு, ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

மற்றபடி ஆனி, ஆடியில் போங்கள். வெயிலும் காற்றும்தான் இருக்கும், பாதி அறைகள் காலியாகக் கிடக்கும். காய் நறுக்க ஆள் வேண்டுமா என்று சமையலறையில் கேளுங்கள். சில நாள் "வேண்டாம்மா" என்பார்கள், சில நாள் ஒரு கூடை அவரைக்காயை முன்னால் வைப்பார்கள்.